சகலை வாங்கி வந்த அப்ளிகேஷன்

காலை பதினொன்றே காலுக்குத் தபால்காரர் சைக்கிள் மணியை அடித்தார். நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். நான் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதுவதே என் வேலை. கடிகாரத்தைப் பார்க்காமல் என் வாழ்க்கையில் எதுவும் நடந்ததில்லை. கெட்டதும் அப்படித்தான்.

மில் கதவடைப்பு நாட்களைப் பற்றிப் போன வாரம் இந்த இதழில் எழுதியபோது, ஒரு வரிகூட அடிக்காமல் எழுதிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லியிருந்தேன். இதை நாலு தடவை கிழித்துப்போட்டு எழுதுகிறேன். நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன.

ஆனி மாதம். அன்று எனக்கு மில்லில் வார லீவு. கணபதி என்ற எங்கள் பகுதியில், வீட்டு வாசலில் பாலக்காட்டுக் காற்று கொடித் துணியை உலுக்கிக்கொண்டிருந்தது. முகத்தில் படுவதும் படாததுமாகச் சாரல். என் மகள் வனிதா வாசல்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கவரை அவள்தான் வாங்கினாள். பிரித்தாள், படித்தாள், என்னிடம் நீட்டினாள். பிறகு கீரையை எடுத்துக்கொண்டாள்.

மெடிக்கல் நுழைவுத் தேர்வு மார்க் அது. நூற்றுக்கு ஐம்பத்தொன்று.

பிளஸ் டூவில் வனிதா பள்ளிக்கூடத்தில் முதல். ஆனால் பிளஸ் டூ மார்க்கோடு நுழைவுத் தேர்வு மார்க்கையும் கூட்டித்தான் சீட் கொடுப்பார்கள். ஐம்பத்தொன்றை வைத்துக்கொண்டு மெடிக்கல் காலேஜ் வாசலில் நிற்க முடியாது. பணம் கட்டிச் சேர்க்கும் கல்லூரிகளின் பக்கம் நான் தலை வைத்துப் படுக்கவும் முடியாது.

“எனக்குத் தெரியும்ப்பா” என்றாள் வனிதா, தலை நிமிராமல்.

“என்ன தெரியும்?”

“ஒரு கேள்விய உட்டுட்டுப் போனேன். விடைத்தாள்ல அந்த எடத்த உடாம வரிசையா வட்டத்தக் கருப்படிச்சுட்டே போயிட்டேன். எல்லாமே ஒரு வரி தள்ளிப் போயிருச்சு. கடைசிப் பத்து நிமிசத்துலதான் பாத்தேன். அழிச்சு அழிச்சு, முக்கால்வாசியத் திருத்த முடியல.”

“ரெண்டு மாசமா ஏன் கண்ணு சொல்லல?”

“நீங்க மில்லுல எல்லார்த்துக்கும் டாக்டர் ஆகப்போறான்னு சொல்லிட்டீங்களேப்பா.” காம்பைக் கிள்ளியபடியே சொன்னாள்: “பெரியப்பாகிட்டச் சொன்னேன்.”

மார்க்கைப் பார்த்தபோது வந்தது வருத்தம். இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டபோது வந்தது எரிச்சல். அந்த எரிச்சல் புதிதல்ல என்பதால் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

பட்டறை வழியாக ஒரு சுற்று

வனிதா பெரியப்பா என்று கூப்பிடுவது நாச்சிமுத்துவை. என் மனைவி ருக்மணியின் அக்கா கணவர். எனக்குச் சகலை. இரண்டு வீதி தள்ளிப் பட்டறை வைத்திருந்தார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒரு பழைய லேத்தோடு ஆரம்பித்து நான்கு லேத் ஆக்கினார். பம்புசெட்டுகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுப்பார். மாடி வீடு, டெலிபோன், கலர் டி.வி. எல்லாம் எங்கள் உறவுக்குள் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வந்தன.

நான் பி.காம். என் பட்டம் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. ஆனால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் ருக்மணி சீதனமாக வந்த வெள்ளி டம்ளரைத் தேய்த்துக் காபி கொடுப்பாள். எனக்கு வாயில் நெளிந்த எவர்சில்வர் டம்ளர். இருபது வருடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு நாளும் கவனிக்காமல் இருந்ததுமில்லை.

என்னிடம் இருந்த ஒரே சொத்து வனிதாவின் மார்க். அவருடைய மகன் செந்திலும் வனிதாவும் ஒரே வகுப்பு. செந்தில் தேறுவான், அவ்வளவுதான். ரேங்க் கார்டு வரும் நாளெல்லாம் நான் சைக்கிளில் பட்டறை வழியாக ஒரு சுற்று சுற்றிக்கொண்டு வருவேன்.

“ஏனுங்க தம்பி, இந்தப் பக்கம்?”

“சும்மாதாங்கண்ணா. வனிதா ரேங்க் கார்டு வந்துது. ஊட்டுக்குப் போற வழிதானேன்னு...”

அது என் வீட்டுக்குப் போகும் வழியல்ல. அவருக்கும் தெரியும். லேத்தை நிறுத்திவிட்டு, பஞ்சுக் கழிவில் கையைத் துடைத்துவிட்டு, கார்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்குவார். “டேய், நம்ம வனிதா மறுக்காவும் பர்ஸ்ட்டுடா!” என்று பட்டறை முழுக்கக் கேட்கச் சொல்வார். டீ வாங்கி வரச் சொல்வார்.

அவர் ஒரு தடவையாவது முகத்தைச் சுளித்திருந்தால் நான் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன். அவர் நிஜமாகவே சந்தோஷப்பட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பத்துக்குப் பன்னிரண்டு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த பின் இரண்டு வாரம் நாச்சிமுத்து பட்டறையில் இருந்ததைவிட ஸ்கூட்டரில் இருந்ததுதான் அதிகம். டவுனைச் சுற்றியிருந்த கலைக் கல்லூரிகளை எல்லாம் செந்திலுக்காகப் போய்ப் பார்த்தார். அவர் பார்த்த விதம் தனி. முதல்வர் அறைக்குப் போகமாட்டார். வாட்ச்மேனிடம் பீடி கொடுத்து, வாத்தியார்கள் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்கள் என்று கேட்பார். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருகிப் பார்ப்பார். லேப் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பில் கேஸ் எரிகிறதா என்று ஒரு மாணவனிடம் விசாரிப்பார்.

ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து, பட்டறையில் வேலை விவரம் எழுதும் அட்டைகள் ஏழெட்டைப் பாயில் சீட்டாட்டம் போலப் பரப்பினார். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கல்லூரி. எத்தனை பஸ் மாற வேண்டும், ஹாஸ்டல் இல்லாமல் முடியுமா, ஃபீஸ் மாதச் சம்பளக்காரன் கட்டக்கூடியதா, கடைசித் தேதி என்ன. கோணல் கையெழுத்து. பிழைகள். ஆனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை.

ஓர் அட்டையைத் தனியே எடுத்தார். அதன் அடியில் ஒரு அப்ளிகேஷன் இருந்தது.

“இந்தக் காலேஜு நமக்கு ஒரே பஸ்ஸுங்க தம்பி. சர்க்கார் உதவி இருக்கறதால ஃபீஸும் கம்மி. கெமிஸ்ட்ரி லேப் அருமையா வெச்சிருக்காங்க. செந்திலுக்கு ஒண்ணு வாங்குனேன். அப்படியே வனிதாவுக்கும் ஒண்ணு வாங்கிப்போட்டேன்.”

“வனிதாவுக்கு எதுக்குங்கண்ணா பி.எஸ்ஸி. அப்ளிகேஷன்?” என்றேன். என் குரல் எனக்கே கூர்மையாகக் கேட்டது. “அவ டாக்டருக்குப் போறவ.”

“போகட்டுமுங்க. நல்லாப் போகட்டும். பத்து பீஸ் ஆர்டருன்னா நாங்க பன்னெண்டு அறுத்து வெப்பமுங்க. ரெண்டு கெட்டுப்போனாலும் வண்டி நிக்காது பாருங்க.”

“என்ற புள்ள கெட்டுப்போற பீஸ் இல்லீங்க.”

ருக்மணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாச்சிமுத்து சிரித்தார். “உங்க மில்லுல மாத்திரம் ஸ்பேர் இல்லாம ஓடுதுங்களா? கேட்டுச் சொல்லுங்க தம்பி, நம்ம பட்டறைய மூடிப்போட்டு உக்காந்துக்கலாம்.”

வனிதா அதற்குள் அப்ளிகேஷனை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போயிருந்தாள். முத்து முத்தாக நிரப்பிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். மார்க் பட்டியல் நகலைக் குத்தி வைத்தாள். தந்தை கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. பேனாவை என்னிடம் நீட்டினாள். பெரியப்பா மனம் கோணக்கூடாது என்று செய்கிறாள் என்றே நினைத்தேன். அந்தப் பேனாவை அவள் எவ்வளவு நேரம் நீட்டிக்கொண்டிருந்தாள் என்பது இப்போதுதான் தெரிகிறது. நான் வாங்கவில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் இருந்தது. ஆனைமலையில் தென்னந்தோப்புக்காரர் குடும்பம் ஒன்று வனிதாவைக் கேட்டிருந்தது. பையன் தங்கமானவன் என்று ருக்மணி சொல்வாள். “பொண்ணு காலேஜுல சேந்துட்டா மூணு நாலு வருசம் பொறுத்துக்கங்க. சேரலீன்னா ஆவணிலயே பேசிக்கலாம்” என்று அவர்களுக்கு வார்த்தை கொடுத்திருந்தாள். அடுப்பில் உப்பைத் தூவி, தீ மஞ்சளாவதைப் பார்த்து நின்ற இடத்திலேயே குதிக்கும் பெண் வனிதா. அவள் படிப்பதும் படிக்காததும் ஒரு சீட்டில் இருந்தது. அது தெரிந்தும்தான் நான் கையெழுத்துப் போடவில்லை.

செந்தில் படிக்கப்போகும் காலேஜில், செந்திலின் அப்பா வாங்கி வந்த அப்ளிகேஷனில், என் மகளா? என் மனதில் ஓடியது அது மட்டும்தான்.

பூக் கேட்டது

இரண்டு நாள் பேச்சு நீண்டதும் ருக்மணி ஒரு முடிவு சொன்னாள். “நீங்க ரெண்டு பேரும் மல்லுக்கட்ட வேண்டாம். அம்மன்கிட்டப் பூக் கேட்டுரலாம்.”

எங்கள் பக்கத்தில் நிலம் வாங்குவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் பூக் கேட்பது வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோல் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்கு மேல் பேச்சில்லை.

வீதி முனை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். ருக்மணி, நாச்சிமுத்து, நான். வனிதா வரவில்லை. பொட்டலம் கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு வேம்பு. அதன் மறைவில் நின்று வாழை இலைத் துண்டுகளை விரித்தேன். ஒரு கையில் நந்தியாவட்டை, ஒரு கையில் செவ்வரளி. முதல் பொட்டலத்தில் செவ்வரளியை வைத்து நாரால் கட்டினேன். இரண்டாவதிலும் செவ்வரளியையே வைத்தேன். நந்தியாவட்டை வேம்பின் அடியில் கிடந்தது. காலால் சருகைத் தள்ளி மூடினேன். விரல் ஈரமாக இருந்தது. செவ்வரளியின் லேசான கசப்பு வாசனை சாயங்காலம் வரை போகவில்லை.

ருக்மணிக்கு இது தெரியாது. இந்த இதழ் வீட்டுக்கு வந்து, அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தப் பக்கத்தைத் திருப்பும்போதுதான் தெரியப்போகிறது. அன்று நான் வீட்டில் இருக்க வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பூசாரி அப்ளிகேஷனைத் தட்டில் வாங்கி அம்மன் முன்னால் வைத்தார். பக்கத்திலேயே இரண்டு பொட்டலங்கள். கோயிலில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுமி வந்து எடுத்தாள். பிரித்தார்கள். சிவப்பு.

ருக்மணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “அம்மாளே சொல்லிருச்சு, இனி என்னுங்க மாமா” என்றாள் நாச்சிமுத்துவிடம். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அப்ளிகேஷனை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குப்பையில் போடுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

நான் முதலில் வெளியே வந்துவிட்டேன். ருக்மணி வந்தாள். நாச்சிமுத்து வரக் கொஞ்சம் நேரமானது. வந்தவர் நேராகப் போய் ஸ்கூட்டரை உதைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. நீங்கள் நம்பமாட்டீர்கள், அன்றிரவு இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

நோட்டீஸ் போர்டு

இனி அந்தப் பதினொன்றே காலுக்குத் திரும்புகிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். நேராக அந்தக் கல்லூரிக்குத்தான் போனேன். நாச்சிமுத்து சொன்னது சரி, ஒரே பஸ். ஆபீஸில் ஒரு குமாஸ்தா. என்னைப் போலவே சட்டைப் பையில் இரண்டு பேனா.

“பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரிக்கு ஒரு அப்ளிகேஷன் வேணுமுங்க.”

“கடைசித் தேதி போயி ரெண்டு வாரமாச்சுங்களே. லிஸ்ட்டே ஒட்டியாச்சு. பொண்ணு மார்க் என்னுங்க?”

சொன்னேன். அவர் பேனா நின்றது.

“இத்தன மார்க்க வெச்சுட்டு எங்கீங்க போயிருந்தீங்க?”

கோயிலுக்குப் போயிருந்தேன் என்று சொல்ல முடியுமா?

வெளியே நோட்டீஸ் போர்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். முதல் தாளிலேயே செந்தில் பெயர் கண்ணில் பட்டது. நாற்பது பேரில் கடைசிக்கு நாலு பேர் முன்னால். என் மகளைவிட எவ்வளவோ மார்க் குறைந்தவன். அவனுக்கு உட்கார ஒரு பெஞ்சு இருந்தது. அவன் அப்பன் பன்னிரண்டு அறுத்து வைத்திருந்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. துக்கம் பாதிதான். அடுத்த தாள்களைப் பார்க்க மனமில்லாமல் திரும்பி நடந்தேன்.

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அங்கிருந்து இன்னொரு கல்லூரி. அங்கும் முடிந்துவிட்டது. மூன்றாவது இடத்தில் சீட் இருந்தது, ஆனால் ஹாஸ்டலில்தான் சேர வேண்டும் என்றார்கள். ஹாஸ்டல் ஃபீஸைக் கேட்டுவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினேன். உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது குளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசியது. ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன்.

ருக்மணி ஓர் இன்லண்டு லெட்டரை மேஜையில் விரித்து வைத்திருந்தாள். ஆனைமலை விலாசம் எழுதியாகிவிட்டது. உள்ளே இன்னும் எழுதவில்லை.

“எழுதிரட்டுங்களா?” என்றாள். கோபமில்லை. அழுதிருந்தாள்.

வனிதா உள்ளே, வேதியியல் புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பதற்காகக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஸ்கூட்டர் சத்தம்

அப்போதுதான் வாசலில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து உள்ளே வந்தார். கையில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது.

“என்னுங்க எல்லாரும் இப்படி உக்காந்திருக்கீங்க? லிஸ்ட்டுப் பாக்கலீங்களா? செந்திலுக்குப் பாக்கப் போனேன். கெமிஸ்ட்ரில மொதப் பேரே நம்ம வனிதாங்க. நாளைக்குச் சேரோணும்.”

ருக்மணிதான் முதலில் வாயைத் திறந்தாள். “பூவு வேண்டாம்னு சொல்லிருச்சே மாமா?”

“சொல்லுச்சு அம்மணி. எனக்குத்தான் கேக்க மனசில்ல. அப்ளிகேஷனக் குடுத்துப்போட்டேன். அம்மாளுக்கு ஒரு பொங்கல் வெச்சு மன்னாப்புக் கேட்டுக்கலாம், உடு.”

வனிதா அறைக்குள்ளிருந்து ஓடி வந்தாள். கயிறு இன்னும் விரலில் சுற்றியிருந்தது. “பெரியப்பா” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த எண்ணெய்க் கையை. நான் மூன்றடி தள்ளித்தான் இருந்தேன். என் மகளுக்குச் சீட் கிடைத்துவிட்டது. அந்த நிமிடத்தில்கூட என் கண் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

ருக்மணி இன்லண்டு லெட்டரை மடித்து வைத்துவிட்டு வெள்ளி டம்ளரைத் தேய்த்தாள். காபி குடித்துவிட்டு அவர் கிளம்பினார். வழியனுப்ப வாசல் வரை போனேன். நன்றி சொல்வதற்குப் பதில் ஸ்கூட்டர் சீட்டின் ஈரத்தைக் கையால் துடைத்தேன். சாரல் நின்றிருந்தது. அவர் ஸ்கூட்டரை உதைக்காமல் ஹாண்டிலைப் பிடித்தபடி நின்றார்.

“தம்பி” என்றார், உள்ளே கேட்காத குரலில். “அன்னிக்கு நீங்க வெரசாக் கோயிலை உட்டு வெளிய போயிட்டீங்க. இன்னொரு பொட்டலம் அம்மாள் காலடியிலயே கெடந்துது. எடுத்துப் பிரிச்சுப் பாத்தனுங்க.”

ருக்மணி உள்ளேதான் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

“யாருகிட்டயும் சொல்லுலீங்க. சொல்லவும் மாட்டேன். காலைல எட்டரைக்கு வாரேன், ரெடியா இருங்க. அப்பா வெளியூரு, சேர்ற அன்னிக்கு வந்து போடுவாருன்னு சொல்லித்தான் அப்ளிகேஷனக் குடுத்தேன். அதுல உங்க கையெழுத்துப் போடற எடம் காலியாத்தானுங்க கெடக்குது. அங்க நான் போடுலீங்க.”